தொலைந்த சாவியும் விதைத் தினையும்

மலையடிவாரக் காடு ஒன்றில் கார் வைத்திருந்தது ஒரே ஒரு விலங்குதான். அது வேலாண்டி என்ற கரடி. பழைய கார், பச்சை நிறம். மேடேறும்போது முனகும். ஆனாலும் காட்டில் யாருக்கு எந்த அவசரம் வந்தாலும் அந்தக் கார்தான் ஓடியது.

வேலாண்டி நல்ல கரடி. உதவி என்று வந்தவரிடம் இல்லை என்று சொல்லாது. ஆனால் பதற்றம் அதிகம். காலில் முள் தைத்தால், முள்ளை எடுக்கும் முன் காட்டையே கூட்டிவிடும்.

போன ஆண்டு மழை பொய்த்ததில் காட்டில் விதைக்குக்கூடத் தினை மிஞ்சவில்லை. இந்த ஆண்டு மேகம் கூடத் தொடங்கியதும் மான்களும் முயல்களும் மயில்களும் ஒன்றுகூடிப் பேசின. தங்களிடம் இருந்த தேனையும் கிழங்கையும் திரட்டி வேலாண்டியின் காரில் ஏற்றின.

"மலைக்கு அப்பால் சந்தையில் இதைக் கொடுத்து விதைத் தினை வாங்கி வாருங்கள். மழை விழும் முன் வந்துவிடுங்கள்" என்றன.

நல்ல விதையைப் பார்த்து எடுக்க முத்தாயி என்ற முள்ளம்பன்றியும் உடன் போனது. முத்தாயி அதிகம் பேசாது. ஆனால் அடுத்தவர் பேசும்போது ஒரு சொல்லையும் விடாது.

சந்தையில் நல்ல விதை கிடைத்தது. மூட்டைகளைக் காரின் பின்புறம் அடுக்கிப் பூட்டிவிட்டு, இருவரும் கூழ் குடிக்கப் போனார்கள். வயிறு நிறைந்து திரும்பி வந்தபோது வேலாண்டி இடுப்பைத் தடவியது. சாவி கட்டியிருந்த கயிறு அறுந்து தொங்கியது. சாவியைக் காணோம்.

கரடிக்கு உலகமே இருண்டது. காட்டின் அடுத்த வெள்ளாமை முழுவதும் அந்தக் காருக்குள் இருந்தது.

"அண்ணே, முதலில் உட்காருங்கள். வந்த வழியே மெதுவாகத் தேடிப் பார்ப்போம்" என்றது முத்தாயி.

வேலாண்டி காதில் வாங்கவில்லை. சந்தையின் நடுவே ஓடியது. ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று கூவியது.

"ஐயா, கேளுங்கள்! என் கார்ச் சாவி தொலைந்துவிட்டது. மருத மரத்தடியில் நிற்கும் பச்சைக் கார் என்னுடையது. உள்ளே விதைத் தினை இருக்கிறது. யாராவது எடுத்திருந்தால் கொடுத்துவிடுங்கள்!"

ஒரு கூட்டம் கூடியது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு குரங்கு கல்லோடு வந்தது.

"எதற்கு இந்தக் கவலை? கண்ணாடியை உடைத்தால் கதவு திறந்துகொள்ளும்."

வேலாண்டி அதற்கும் தலையாட்டப் போயிற்று. முத்தாயி குறுக்கே நின்றது. "கதவு திறக்கும். வண்டி ஓடுமா? உடைந்த கண்ணாடி வழியே மழை உள்ளே வந்தால் விதை என்ன ஆகும்?"

குரங்கு கல்லைக் கீழே போட்டது. கூட்டமும் கலைந்தது.

அப்போது தோளில் துண்டு போட்ட நரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதன் பெயர் நல்லதம்பி. குரலில் அத்தனை பரிவு.

"அண்ணாச்சி, உங்களைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. எந்தக் கார் என்றீர்கள்? அந்தப் பச்சைக் காரா?"

"ஆமாம் தம்பி."

"மூட்டை நிறைய இருக்கிறதோ?"

"பின்புறம் முழுக்க மூட்டைதான்."

"ஐயோ பாவம். வேறு சாவி இல்லையா?"

"வீட்டில் ஒன்று இருக்கிறது. மலையைத் தாண்டிப் போய்த்தான் எடுத்து வர வேண்டும்."

"நடந்து போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?"

"பொழுது சாய்ந்துவிடும்."

நரி நெஞ்சில் கை வைத்தது. "கவலையை விடுங்கள். நீங்கள் போய் வரும் வரை நான் காருக்குக் காவல் இருக்கிறேன். ஓர் ஈ கூட அண்டாது."

வேலாண்டியின் கண் கலங்கியது. அந்நிய ஊரில் இப்படி ஒரு நல்ல மனமா என்று நெகிழ்ந்தது. அப்போதே நடையைக் கட்டியிருக்கும். ஆனால் முத்தாயி அதைக் கூழ்க்கடைப் பக்கம் தனியே அழைத்துப் போனது.

"அண்ணே, அவன் கார் எங்கே என்று கேட்டான். உள்ளே என்ன என்று கேட்டான். நீங்கள் எப்போது வருவீர்கள் என்றும் கேட்டான். கேட்காதது ஒன்று உண்டு."

"என்ன?"

"சாவி எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. உதவ வந்தவன் அதைத்தானே முதலில் கேட்பான்?"

கரடி திரும்பி நரியைப் பார்த்தது.

"சந்தையைச் சுற்றி எத்தனை வண்டிகள் நிற்கின்றன, பாருங்கள். சாவி கிடைத்தவனுக்கு இது எந்த வண்டிக்கு உரியது என்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும்" என்றது முத்தாயி.

தெரிய வைத்தது யார் என்று அது சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வேலாண்டி தலையைக் குனிந்துகொண்டது. பிறகு பல்லைக் கடித்தது.

"போய் அவன் கழுத்தைப் பிடிக்கிறேன்."

"பிடித்தால், சாவியா, எந்தச் சாவி என்பான். நாலு பேர் முன்னால் பழி நம் மேல் வரும். சாவியை விடுங்கள். வண்டி ஓடாமல் செய்ய ஏதாவது வழி உண்டா?"

வேலாண்டி யோசித்தது. அன்று காலையிலிருந்து அது நின்று யோசித்தது அப்போதுதான். பழைய கார்; முன்பக்க மூடியைத் திறக்கச் சாவி தேவையில்லை. பேட்டரியின் வயரைக் கழற்றிவிட்டால் கார் அசையாது.

இருவரும் திரும்பி வந்தார்கள். வேலாண்டி முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டது.

"தம்பி, எஞ்சினில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்" என்றது.

"தாராளமாகப் பாருங்கள், அண்ணாச்சி" என்றது நரி.

கரடி மூடியைத் தூக்கியது. குனிந்தது. நிமிர்ந்தபோது வயர் அதன் கக்கத்தில் இருந்தது. மூடியைச் சாத்திவிட்டு மலைப்பாதையில் நடந்தது. பாதை திரும்பும் இடத்தில் ஒரு புதர் இருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டது. இதற்குள் முத்தாயி குரங்கின் காதில் ஏதோ சொல்ல, குரங்கு ஓசைப்படாமல் மருத மரத்தின் உச்சிக்குப் போயிற்று. முத்தாயி சந்தைத் தலைவரான எருமையை அழைத்து வந்து புதருக்குப் பின்னால் நிறுத்தியது.

கூவ வேண்டும் போல் இருந்தது கரடிக்கு. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது.

நரி நாலாபுறமும் பார்த்தது. துண்டின் முடிச்சை அவிழ்த்தது. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகியது. கார் ஒரு முனகலும் விடவில்லை. மறுபடி திருகியது. மறுபடியும். நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு கரடி நின்றது.

"என்ன தம்பி, கிளம்பவில்லையா?"

நரி ஒரு கணம்தான் விழித்தது. "அண்ணாச்சி, நல்ல காலம். சாவி இங்கேயே மரத்தடியில் கிடந்தது. சரியான சாவிதானா என்று போட்டுப் பார்த்தேன்."

மேலே இருந்து குரங்கின் குரல் வந்தது. "நீ கீழே குனியவே இல்லை. துண்டு முடிச்சிலிருந்துதானே எடுத்தாய்?"

கரடியின் பின்னால் வந்திருந்த எருமை இரண்டடி முன்னால் வந்தது. அந்தக் கொம்புகளைப் பார்த்ததும் நரி காரிலிருந்து இறங்கியது. கூழ்க்கடை வாசலில் சாவி கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, கரடியின் கையில் வைத்தது.

"இனி இந்தச் சந்தையில் உன்னைப் பார்க்கக் கூடாது" என்றது எருமை.

வேலாண்டி வயரை மாட்டியது. கார் கிளம்பியது. முனகிக்கொண்டே பாதி மலை ஏறியது.

"அவன் திருடப் பார்த்தான். அதுகூடப் பரவாயில்லை. நானே வண்டி மேல் ஏறி நின்று அவனுக்கு வழி சொல்லியிருக்கிறேன்" என்றது கரடி.

"ஊருக்குப் போனதும் பூட்டை மாற்றிவிடுங்கள், அண்ணே" என்றது முத்தாயி. "சாவி திரும்பி வந்துவிட்டது. நடுவில் எத்தனை கை பார்த்ததோ."

கரடி தலையாட்டியது. வளைவு வந்தது, ஸ்டீயரிங்கை நிதானமாகத் திருப்பியது.

அவர்கள் காட்டுக்குள் நுழைந்து, மூட்டைகளை இறக்கி முடித்த பிறகுதான் முதல் மழை விழுந்தது. மறுநாள் காலையில் காடெங்கும் விதைத்தார்கள்.

நீதி: தொலைந்ததைத் தேடும் முன், இருப்பதைக் காத்துக்கொள்.