வராதவர்களுக்காக வந்தவன்

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டைச் செங்கதிரான் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சிரித்த காரியத்துக்கே மாலையில் சீறும் குணம் அவருக்கு.

அவர் சபையில், வழக்குக்கு உரியவர் பெயரைக் கட்டியக்காரன் மூன்று முறை கூவுவான். யாரும் வராவிட்டால் ஓடக்காரன் வேம்பன் கூட்டத்திலிருந்து, "இதோ இருக்கேனுங்க" என்று முன்னால் வந்து நிற்பான். யாருடைய மாடோ மேய்ந்த வயலுக்கு, மாடே இல்லாத இவன் சவுக்கடி வாங்கினான். சிறைக்கும் போனான். வெளியே வந்ததும் நேரே சபைக்குத்தான் வந்தான்.

ஊர் சிரித்தது. தளபதி கோளரியாருக்கு எரிச்சல். ஆள்மாறாட்டம் செய்பவனைச் சாகும்வரை பாதாளச் சிறையில் போடவேண்டும் என்றார். ராஜாவும் தலையாட்டினார்.

அமைச்சர் நிலவழகர் ஒருநாள் தவணை கேட்டு வாங்கி, ஏனப்பா இப்படி என்று வேம்பனிடம் விசாரித்தார்.

"வெள்ளத்துல எம்மவன் பூவரசன் போயிட்டானுங்க. கரையில நின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதிலே இல்லை. ஒரு பேரு அப்படி அந்தரத்துல நிக்கிறதைத் தாங்க முடியலீங்க சாமி."

மறுநாள் அமைச்சருக்குப் பட்டுப் போர்த்த ஏற்பாடாயிற்று. அதை ராஜாவிடம் கேட்டு வாங்கியதே அமைச்சர்தான். வெட்கமாயில்லையா ஐயா என்று ராஜா கேலி செய்தாராம். கட்டியக்காரன் அமைச்சர் பெயரைக் கூவினான். அவரோ தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். மூன்றாம் முறையும் பதில் இல்லை. விலங்கோடு நின்ற வேம்பன் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். அவன் வாய் திறப்பதற்குள் தளபதி, "இதோ இருக்கிறேன்" என்று முந்திப் போய்த் தோளைக் காட்டினார்.

அமைச்சர் வெளியே வந்தார். "அரசே, பாதாளச் சிறையில் இருவருக்கு இடம் இருக்குமா?"

தளபதிக்கு வியர்த்தது. "இதற்கெல்லாமா சிறை, அரசே? ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்க வேண்டாமா?"

"கேட்போமே" என்றார் ராஜா.

தளபதி பட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வேம்பன் ஆற்றங்கரையைப் பற்றிச் சொன்னான்.

பட்டு அமைச்சருக்கே போனது. வேம்பனின் விலங்கு கழன்றது. தளபதி அவனைத் தம் பல்லக்கில் ஏற்றி, தாம் கூடவே நடந்து, மனநோய் தீர்க்கும் வைத்தியசாலையில் கொண்டுபோய் விடவேண்டும் என்று தீர்ப்பானது.

அங்கே வைத்தியர் மங்கையம்மை, உன் மகன் எப்படி இருப்பான் என்று தினமும் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "பூவரசனுங்களா?" என்பான் வேம்பன். பெயரைச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள், "பூவரசனுங்களா?" என்றவன், "துடுப்பு பிடிக்க அவனுக்கு இடக்கைதான் வருமுங்க" என்று, பதிலுக்குக் காத்திராமல் பேசிக்கொண்டே போனான்.