ஆகாயத்துக்குப் போட்ட சட்டம்

முன்னொரு காலத்தில், பூமியை ஆண்டது போதாதென்று ஆகாயத்துக்கும் சட்டம் போட்ட மகாராஜா ஒருவர் இருந்தார். பெயர் வீரகேசரி. காற்றும் மேகமும் அவர் ஆணைக்குக் காத்து நிற்கின்றன என்று சபைப் புலவர் பாடினார். காக்கைகள் காத்து நிற்கவில்லை.

சட்டத்துக்குக் காரணம் ஒரு காற்றாடி. மகாராஜா மேல்மாடத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அது தலைக்கு மேல் வந்து நின்று வேடிக்கை பார்த்ததாம். அன்று மாலையே முரசு அறைந்தார்கள்: அரண்மனைக்கு மேல் எது பறந்தாலும் காவலர் வீழ்த்தலாம்; எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம்; பறக்கவிட்டவர் எவராயினும் நாடு கடத்தப்படுவார்.

ஊருக்கு நிம்மதி போயிற்று. காவலர்கள் அண்ணாந்தபடியே நடந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கத் தகப்பன்மார் பயந்தார்கள்.

விகடர் பூவராகனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒருமுறை தளபதி கொற்றவேலரின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்திருந்தார். அன்றிலிருந்து தளபதிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் பயந்தபடியே ஒரு நாள் காலை தளபதியின் ஆட்கள் வந்து கதவை இடித்தார்கள். பூவராகன் வீட்டு மாடித் தூணில் யாரோ ஒரு நூலைக் கட்டியிருந்தார்கள். அதன் மறுமுனையில் ஒரு காற்றாடி அரண்மனைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

"இவருக்கு வேட்டியையே ஒழுங்காக் கட்டத் தெரியாதுய்யா, காத்தாடிக்கு நூல் கட்டுவாராக்கும்!" என்று அலறினாள் மனைவி குமுதவல்லி. அவளுக்கு நிறைமாதம். "நாட்டை விட்டுத் துரத்தினா இந்த வயித்தோட எங்கேய்யா நடப்பேன்?"

சபையில் தளபதி வெள்ளித்தட்டை நீட்டினார். அதில் கிழிந்த காற்றாடி. அதற்கு வாலாக நீளமான ஒரு துணி.

"பிரபு! இது வெறும் வால் அல்ல. பகை நாட்டின் ரகசியக் கொடி!"

மந்திரி அதை எடுத்து முகர்ந்து, "ஆம், சதியின் வாடை" என்றார்.

பூவராகன் துணியின் ஓரத்தை ஒருமுறை பார்த்தார். பார்த்ததைச் சபையில் சொன்னால் நாடு போவதோடு நிற்காது, தலையும் போகும். 

"சூரியன் மறையுமுன் எல்லையைத் தாண்டு!" என்றார் மகாராஜா.

"உத்தரவு, பிரபு. வழித்துணைக்குத் தளபதியாரும் வருகிறாரே, அது போதும்."

"நான் ஏனய்யா வரவேண்டும்?" என்றார் கொற்றவேலர்.

"காற்றாடியை வீழ்த்தியது யார்?"

"நானேதான்! என் அம்பு அரண்மனைக் கோபுரத்துக்கும் மேலே பறந்து சென்று அதைத் துளைத்தது!"

"எதற்கு மேலே பறந்தது?"

தளபதி மீசையோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"காற்றாடிக்காவது நூல் உண்டு, பிரபு, இழுத்தால் வரும். இவர் விட்ட அம்பு அந்தப்புரத் தோட்டத்தில் போய் விழுந்திருக்கிறது. பறக்கவிட்டவர் எவராயினும் என்பது தங்கள் திருவாக்கு."

"வீழ்த்த எனக்கு அதிகாரம் உண்டு!"

"வீழ்த்தத்தானே? எதையும் பறக்கவிட இல்லையே. ஏணி வைத்து ஏறிப் பிடித்திருக்கலாம்."

கொற்றவேலர் ஏணியும் கையுமாகக் காற்றாடியைத் துரத்துவதை மகாராஜா மனக்கண்ணில் பார்த்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். இருவருக்கும் தண்டனை இல்லை என்றார். காவலர் இனி ஏணியோடுதான் போகவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "உன் மனைவிக்குக் கொடு" என்று பூவராகனிடம் தந்தார்.

"சரி, அந்தப் பகைக்கொடியைக் கோட்டை வாசலில் கட்டுங்கள். ஊரே பார்க்கட்டும்!"

பூவராகன் பதறிப்போய் அருகில் ஓடினார். "வேண்டாம், பிரபு," என்று காதோடு சொன்னார். "ஓரத்தைப் பாருங்கள்."

ஓரத்தில் அரண்மனைச் சலவைக்காரர் இடும் கருப்புப் புள்ளிகள் இருந்தன. மேல்மாடத்தில் காயும் துணிகளை நெருங்கத் தளபதியின் ஆட்களுக்கு மட்டுமே அனுமதி. மகாராஜா தளபதியைப் பார்த்தார். தளபதி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

மகாராஜா துணியைச் சிறியதாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அது அவருடைய கோவணம்.