மணல்திட்டில் குடியிருந்தவர்

ஆற்றங்கரை மடத்துக்குத் தலைவி நாச்சம்மை. அவருடைய சீடர் ஏகப்பர், அவரைவிட மூத்தவர். ஜவுளிக்கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்த மனிதர். யாருக்காவது நல்லது செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போர் முடிந்து, போக்கிடம் இல்லாமல் வந்த சிப்பாய் ஒருவர் ஊர் மண்டபத்தில் படுத்திருந்தார். பெயர் சங்கிலிமுத்து. ஏகப்பர் விடுவாரா? விடிந்ததும் விளக்குமாறோடு போய் அவரைச் சுற்றிப் பெருக்கினார். கிழிந்த கம்பளியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசை விரித்தார். தூங்குகிற ஆளை எழுப்பிக் கஞ்சி கொடுத்தார்.

மறுநாள் சங்கிலிமுத்து படித்துறைக்கு இடம் மாறிவிட்டார். ஏகப்பரும் விளக்குமாறோடு அங்கே போனார். சங்கிலிமுத்து அங்கிருந்தும் இறங்கி, ஆற்றுக்கு நடுவே மணல்திட்டுக்கே போய்விட்டார்.

அது ஆடி மாதம். மேற்கே நல்ல மழை. பொழுது சாய்வதற்குள் திட்டு முழுகிவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஏகப்பர் முழங்கால் தண்ணீரில் போய்க் கும்பிட்டுப் பார்த்தார், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். சங்கிலிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏகப்பருக்கு அழுகையே வந்துவிட்டது. மடத்துக்கு ஓடினார்.

"அந்த மனுஷன் செத்துப்போயிடுவாரும்மா. என்ன செஞ்சா அவருக்கு உதவ முடியும்?"

நாச்சம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். ஏகப்பரும் பின்னாலேயே போனார்.

திட்டின் ஓரத்தில் அம்மை நின்றுவிட்டார். ஈர மணலில் ஒரு கோணியும் தகரக் குவளையும் தவிர வேறொன்றும் இல்லை.

"ஐயா, உள்ளே வரலாமா?"

சங்கிலிமுத்து அவர் பக்கம் திரும்பினார். பிறகு கோணியை உதறி விரித்தார்.

"வாங்கம்மா. உட்காருங்க."

அம்மை உட்கார்ந்தார். எந்த ஊர், காலில் என்ன காயம் என்று பேச்சு போனது. வெள்ளத்தைப் பற்றி அம்மை வாயே திறக்கவில்லை. தண்ணீரில் நின்ற ஏகப்பரோ வெள்ளம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கோணியைத் தொட்டதும் சங்கிலிமுத்துதான் பதறி எழுந்தார். வீடு தேடி வந்தவரை ஆற்றோடு விட முடியுமா?

"இங்க இருக்கப்படாதும்மா. என் தோளைப் பிடிச்சுக்கங்க."

இன்னொரு கையால் ஏகப்பரையும் பிடித்துக்கொண்டு, இருவரையும் கரை சேர்த்தார். தானும் ஏறினார். மண்டபத்தில் ஒரு தூணோரம் போய்க் கோணியைப் பிழிந்து காயப்போட்டார்.

மடத்துக்குத் திரும்பும் வழியில் ஏகப்பரால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அங்கே சுவர் இல்லை, கதவு இல்லை. வெறும் மணல். எதுக்குள்ளே வரலாமான்னு கேட்டீங்க?"

"கதவு இருந்தா தட்டியிருப்பேன். இல்லாததாலேதான் கேட்டேன்."