சாத்தப்பன் எழுதிய பாதிப் பேச்சு

முன்பொரு காலத்தில் வீரகேதனன் என்றொரு அரசன் இருந்தான். நல்ல மனசுக்காரன், ஆனால் மறதிக்காரன். மாலையில் சதுரங்கம் ஆடும்போது தாராளமாக வாக்குக் கொடுப்பான். மறுநாள் சபையில், "நானா? எப்போது சொன்னேன்?" என்பான். அவனோடு தனியே ஆட உட்காருகிறவன் விகடகவி சாத்தப்பன். வாக்கை நம்பி ஏமாந்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் வந்து பிடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் பிரதானி ருத்திரசேனர் அரசன் காதில் எதையோ ஓதினார். உடனே அரசன், "தனிமையில் அரசன் சொல்லும் சொல்லை அவன் அறியாமல் எழுதி வைப்பவனுக்கு விரல் போகும்" என்று பறையறைவித்தான்.

அதே வாரம் குயவர்களின் தலைவி பொம்மக்கா சாத்தப்பன் வீட்டுக்கு வந்தாள்.

"ஏரியில மண்ணெடுக்கக் கூடாதுன்னுட்டாரு பிரதானி. அங்க தாமரைத் தோட்டம் போடப் போறாராம். சக்கரம் நின்னு பத்து நாளாச்சு சாமி. அடுப்புல உலை ஏறலை. நீங்கதான் ராசாகிட்டச் சொல்லணும்."

அன்று மாலை காய்களை நகர்த்தியபடியே சாத்தப்பன் பேச்சை எடுத்தான். அரசன் மனமிளகிச் சம்மதித்தான். இதுவும் விடிந்தால் காற்றோடு போய்விடுமே என்று சாத்தப்பனுக்குக் கவலை. சால்வைக்குள் ஓர் ஓலையை வைத்து எழுத்தாணியால் கீறிக்கொண்டே இருந்தான்.

வெளியே வரும்போது வாசலிலேயே காவலர்கள் மடக்கினார்கள். பிரதானியின் உத்தரவாம். ஓலை அகப்பட்டது.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. "அரசே, தங்கள் அந்தரங்கப் பேச்சைத் திருடி எழுதியிருக்கிறான்!" என்று ஓலையை உயர்த்திக் காட்டினார் ருத்திரசேனர். சாத்தப்பனின் விரல்கள் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன.

"நான் சொன்னதை எழுதினாயா?" என்றான் அரசன்.

"தாங்கள் சொன்னதில் ஓரெழுத்துக்கூட எழுதவில்லை, அரசே. பேசியவர்கள் இரண்டு பேர். நான் பேசியதை மட்டும்தான் எழுதினேன். என் வாயிலிருந்து வந்ததை நானே எழுதக் கூடாது என்று பறையில் சொல்லவில்லையே?"

"வாசியுங்கள்" என்றான் அரசன். எழுத்தர் உரக்க வாசித்தார்.

"'தங்கள் குதிரையை வெட்டிவிட்டேன், அரசே.' 'குயவர்களுக்கு ஏரி மண் வேண்டுமாம்.' 'ஆகா, இன்றே போய்ச் சொல்கிறேன்.' 'ஐயையோ, பிரதானியை அப்படிச் சொல்லலாமா?' 'அதுவும் சரிதான், தொப்பை அப்படித்தான் பளபளக்கிறது.'"

சபையில் பாதிப் பேர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அரசன் நெற்றியைத் தேய்த்தான். "நடுவில் நான் என்ன சொன்னேன்?"

"அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, அரசே. ஏரி முழுவதையும் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளலாமா?"

ருத்திரசேனர் துள்ளி எழுந்தார். "முழு ஏரியா? பச்சைப் பொய்! 'வடகரையில் மட்டும் அள்ளிக்கொள்ளட்டும்' என்றுதான் சொன்னீர்கள்! என்னை நெய்யில் ஊறிய பணியாரம் என்றதும் விளையாட்டுக்குத்தான்!"



"பிரதானியாரே, அறையில் நாங்கள் இரண்டே பேர் அல்லவா இருந்தோம்?" என்றான் அரசன் மெதுவாக.



"அரசே," என்றான் சாத்தப்பன், "பேச்சில் கலந்துகொண்டவன் தன் சொல்லைத் தானே வைத்துக்கொண்டதற்கு விரல் போகும் என்றால், கலந்துகொள்ளாமல் திரைக்குப் பின்னால் நின்று இருவர் பேச்சையும் அள்ளிக்கொண்டவருக்கு எது போகும்?"

"நான் எழுதவில்லை, அரசே! ஒரு வரிகூட எழுதவில்லை!" என்று அலறினார் பிரதானி.

"பணியாரம்!" அரசனுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. "ஆமாம், நான்தான் சொன்னேன்!" என்று சிம்மாசனம் அதிரச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் அந்தச் சட்டத்தை ரத்து செய்தான். தான் கொடுக்கும் வாக்கை இனிமேல் சாத்தப்பன் தன் கண்ணெதிரே, தனக்குப் படித்துக் காட்டி எழுத வேண்டும் என்றான். அவனுக்குப் பட்டு அங்கவஸ்திரமும் இரண்டு கறவைப் பசுக்களும் கொடுத்தான். வடகரையில் முதல் பத்துக் கூடை மண்ணைப் பிரதானியே வெட்டித் தர வேண்டும் என்பது தீர்ப்பு.

அன்று மத்தியானம் முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நின்ற ருத்திரசேனரைப் பார்த்து, "மேல்மண்ணு மணல் கலந்தது சாமி, பானைக்கு நிக்காது. இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க" என்றாள் பொம்மக்கா.

கரையில் குடை நிழலில் நின்றிருந்த அரசன் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தான்.