ரத்னசபாபதி கை தூக்காத பாட்டு

பாடகி லோகாம்பாளை ஒலிப்பதிவாளர் சூசை கடைசியாக உயிரோடு பார்த்தது ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "இதுக்கு மேல நல்லா வராது தம்பி, இதையே வெச்சுக்கோ" என்று சொல்லிப் போனார். மறு வாரம் அவர் இல்லை.

தம்புராவோடு அவர் பாடிய அந்தப் பாட்டைக் கணினியில் ஓடவிட்டால் வரிக்கு வரி அறுந்து ஒலித்தது. இசையமைப்பாளர் ரத்னசபாபதி அதன்மேல் எதிரொலி, முழக்கம் என்று எஃபெக்ட்டுகளாக அடுக்கி வைத்திருந்தார். கணினியால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா இந்தக் குரலை அழிச்சுட்டு வேற ஆளைப் பாட வெச்சுடுவேன். ஆனா என் எஃபெக்ட்டுல ஒண்ணு குறைஞ்சாலும் என் காதுக்குத் தெரிஞ்சுடும்!"

"அந்தக் காதுதான் சார் வேணும். கண்ணை மூடிக் கேளுங்க. ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்க்கிறேன். வித்தியாசம் தெரிஞ்சதும் கையைத் தூக்குங்க, அதை மட்டும் தொடமாட்டேன்."

ரத்னசபாபதி கண்ணை மூடினார். சூசை ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த, பாட்டு தடங்கல் நீங்கி ஓடியது. அவர் கை தொடையில் தாளம் போட்டதே தவிர, மேலே எழவில்லை.

"அடடா! இதுதான்யா என் மிக்ஸிங். இனி எதையும் தொடாதே."

"தொட ஒண்ணுமில்லீங்க சார். எல்லாத்தையும் நிறுத்தியாச்சு."

ரத்னசபாபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஏசியைக் கொஞ்சம் கூட்டு" என்றார்.

அந்தப் பாட்டில் இன்றும் இருப்பது ஒரு தம்புராவும் லோகாம்பாளின் குரலும் மட்டுமே.