நடக்குறவங்க பானை

முன்னொரு காலத்துல மருதநாட்டை மகுடகேசரின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தான். காலையில ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் மறந்துடுவான். மாட்டிக்கிட்டு முழிக்கிறது சனங்க.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ராஜவீதியில யாராவது அடிபட்டுச் செத்தா, கோட்டைவாசல் காவலன் பொன்னையன் "எதுல வந்தவரு?"ன்னு கேட்டு, அதுக்கான பானையில ஒரு புளியங்கொட்டை போடுவான். தேருக்கு ஒரு பானை, மாட்டுவண்டிக்கு ஒண்ணு, நடக்குறவங்களுக்கு ஒண்ணு.

மந்திரி இளஞ்சாத்தன் பேரெடுக்கிறது தேர்ப்படைத் தலைவன் சண்டமாறனுக்குப் பொறுக்காது. ஒருநாள் பானைங்களைச் சபைக்கே கொண்டாந்துட்டான்.

"பாருங்க மன்னா. தேர்ப்பானை காலி. நடக்குறவங்க பானை வழியுது. நடக்குறதுதான் ஆபத்து. இனிமே ராஜவீதியில எவனும் நடக்கக் கூடாது, சதுப்பு வழியா சுத்திப் போகட்டும். மந்திரியாருக்கு இது தோணலை பாருங்க."

"நல்ல யோசனை. ஓலை எழுதுங்க"ன்னான் ராஜா.

மந்திரி எந்திரிச்சாரு. சதுப்பு பூரா முதலை. தலைச்சுமையோட போறவங்கள்ல எத்தனை பேரு வீடு திரும்புவாங்க?

"தலைவர் கணக்கு சரிதான் மன்னா. அதே கணக்கைக் கொலைக்களத்துக்கும் போடலாம். அங்க இதுவரைக்கும் ஒரு கத்திகூடச் சாகலை. கழுத்துதான் ஆபத்தான சாமான்."

யாரோ சிரிச்சுட்டு, சட்டுன்னு நிறுத்திக்கிட்டாங்க.

"என்னய்யா சொல்ல வர்றீரு?"ன்னான் ராஜா.

"செத்தவங்க எதுல வந்தாங்கன்னு கேட்டோம். அவங்க மேல எது வந்துச்சுன்னு கேக்கலையே. பொன்னையன் வாசல்லயேதான் நிக்கிறான். அவனைக் கேளுங்க."

பொன்னையனைக் கூட்டியாந்தாங்க. நடக்குறவங்க பானை பக்கத்துல குந்துனான். நடந்ததை ஒவ்வொண்ணா நினைச்சு நினைச்சு கொட்டையை எடுத்தான். "இது தேரு. இதுவும் தேரு. இது மாடு முட்டுனது. இது தேரு." காலித் தேர்ப்பானையில கொட்டை விழுற சத்தம் மட்டும்தான் சபையில.

கடைசிக் கொட்டையைக் கையிலயே வச்சுக்கிட்டான். "நேத்து. உப்புக்காரி வீரம்மா."

"அவதான் குறுக்க வந்திருப்பா"ன்னான் சண்டமாறன்.

"இல்லீங்க. ஓரமாத்தான் போனா."

"யாரு தேருடா?"ன்னான் ராஜா.

"மயில்கொடி கட்டியிருந்துச்சு சாமி."

மயில்கொடி அந்த நாட்டுல ஒரே தேர்லதான் உண்டு.

ராஜா மெதுவா திரும்புனான். "நேத்து என் தேரை நீதானே ஓட்டுனே? சக்கரம் ஏறி இறங்குச்சே. கல்லுன்னு சொன்னியே."

அன்னிலேருந்து சண்டமாறனுக்குத் தேர் கிடையாது, தலையில உப்புக்கூடைதான். தேருங்க இனிமே மாட்டுவண்டி வேகத்துலதான் போகணும்னு சட்டம். மந்திரி கழுத்துல முத்துமாலை விழுந்துச்சு. அவரு தலைநிமிரலை.

அன்னிக்கு ராஜா அரண்மனைக்கு நடந்தே போனான். பின்னால ஏதோ வண்டிச் சத்தம் கேட்டதும் பதறி ஓரமா ஒதுங்குனான்.

பின்னால வந்த மந்திரி மெதுவா சொன்னாரு: "வீரம்மாவும் இப்படித்தான் ஓரமா ஒதுங்கிப் போனா, மன்னா."