பூட்டிய அறையில் ஒரு குரல்

2016 ஜூன் 16, மாலை நான்கரை மணி. சத்துணவு ஆயா காத்தாயியும் மற்ற ஆறு பெற்றோரும் தலைமையாசிரியர் தணிகாசலத்தின் முன் நின்றார்கள். காது கேளாத தன் மகள் நிறைமதிக்காக, பூட்டிக் கிடந்த சிறப்பு வகுப்பறையைத் திறக்கச் சொன்னாள் காத்தாயி.

"அந்த ரூம்ல பேய் இருக்கும்மா. நீயே கேட்டிருப்பியே."

கேட்டிருந்தாள். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு குழந்தைக் குரல் "உன் பெயர் என்ன?" என்று கேட்பதை ஊரே கேட்டிருந்தது.

தணிகாசலம் சிரித்தார். "அந்தச் சத்தத்துக்குப் பயப்படாத பிள்ளை ஒண்ணைக் கூட்டிட்டு வா. அப்பவே திறக்கிறேன்."

"இதோ நிக்கிறாளே சார். சத்தம் இவளுக்குக் கேட்கவா போகுது?"

பெற்றோர் சிரித்துவிட்டார்கள். வேறு வழியின்றி அவர் பூட்டைத் திறந்தார்.

உள்ளே அவர் வீட்டு நெல் மூட்டைகள் கூரைவரை இருந்தன. அவற்றின் பின்னால், சிறப்புப் பிள்ளைகளுக்காக வந்த காது கேட்கும் கருவிகளும் ஒரு பேசும் பொம்மையும் பிரிக்கப்படாமல் கிடந்தன.

"எலி பொத்தானை அழுத்தியிருக்கும்" என்றார் ஒருவர். பொம்மையை உறையிலிருந்து பிரித்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். அதில் பேட்டரியே இல்லை.

நிறைமதி பொம்மையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். "பேசுது" என்று அம்மாவுக்குச் சைகை காட்டினாள்.

ஜூலை 11 அன்று சிறப்பாசிரியர் பணியில் சேர்ந்தார். அந்த அறையில் வகுப்பு தொடங்கியது.